நான் தூக்கிய கை

என் வேலையிடத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது என்னிடம் பொய் சொல்வார்கள். எனக்குக் காது சோதிக்கும் வேலை. ஒலி புகாத சிறிய அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவேன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் முடிவதில்லை. நான் ஒன்றுமே அனுப்பாத நேரத்திலும் அழுத்துவார்கள். ஏமாற்றுகிற எண்ணமெல்லாம் கிடையாது. இந்த மனுஷன் நம்மிடம் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறான், பாவம், அவனை எவ்வளவு நேரம் காக்க வைப்பது என்று அழுத்துகிறவர்கள்தான் அதிகம். பதினேழு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கை அந்தச் செய்தியைச் சொன்னாள். வருகிற ஞாயிறு ஒன்பது மணிக்கு வேன் வரும், உள்வீட்டுக்குக் குடிபோகிறாள், லேப் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. தண்ணீர்ச் செம்பை இந்தப் பக்கம் தள்ளு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பல்செட் செய்யும் லேப்பில் பத்து வருஷமாக இருக்கிறாள். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை அவள் செதுக்குவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. எட்டு மாதமாக வாரத்தில் மூன்று மாலை ‘அமர்வு’ என்று ஓர் இடத்துக்குப் போய்வந்தாள். அந்தக் கூட்டத்துக்கு வேறு பெயர் இல்லை. ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கண்ணை மூடி உட்காருவார்கள். மௌனத்துக்கு அடியில் ஒரு சத்தம் இருக்கிறதாம். அது கேட்டவர்கள் கையைத் தூக்குவார்கள். கேட்டுப் பழகியவர்கள் ஊருக்கு வெளியே தோட்டத்தோடு ஒரு வீட்டில் சேர்ந்து வாழலாம். அதுதான் உள்வீடு. அங்கே போகிறவர்களின் குடும்பத்திலிருந்து யாராவது ஒருவர் ஒரே ஒரு முறை அமர்வுக்கு வந்து உட்கார வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

“ஒளிச்சு வைக்கறவங்களா இருந்தா வீட்டுக்காரங்களைக் கூப்பிடுவாங்களா?” என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பதறுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைக் கழுவியபடியே, மனசுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அவளுக்கு அது கிடைத்திருக்கிறது என்றாள். மூன்று மாடி ஏறத் தன் முழங்கால் இடம் கொடுக்காது, பெரியவனே நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றும் சொன்னாள்.

அம்மாவிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? அவளே ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவள். வியாழக்கிழமை மாலையானால் எங்கள் கூடத்தில் பதினான்கு பேர் நீல உடையில் வந்து ஒரு காலி நாற்காலியைச் சுற்றி உட்காருவார்கள். நாற்காலியின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கும். அதைப் போட்டிருந்தவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். செத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. முப்பது வருஷ வேலையில் ஒரு பயணியிடம்கூடக் கோபப்பட்டதில்லை என்பதுதான் அவருடைய மகிமை. வியாழக்கிழமை சாப்பாட்டில் உப்பு சேர்க்க மாட்டார்கள். அவர் எழுதிய நான்கு வரிப் பாட்டைச் சுமாரான ராகத்தில் நாற்பது தடவை பாடுவார்கள். நாற்காலிக்கு முன்னால் வெந்நீர் வைத்து, ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டுக் கலைவார்கள். நானும் தங்கையும் சின்ன வயதிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறோம். நான் சிரிப்பதை நிறுத்தவே இல்லை.

அன்று வேலையில் மனம் ஒட்டவில்லை. ஆபத்தான கூட்டத்தை எப்படி அடையாளம் காண்பது என்று கைபேசியில் தேடி ஒரு பட்டியலைப் படித்தேன். ஒரே மாதிரி உடை, தனி ஒரு மனிதருக்கு வழிபாடு, சாப்பாட்டில் கட்டுப்பாடு, புனிதப் பொருள், திரும்பத் திரும்பச் சொல்லும் வரிகள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில் அம்மாவின் நாற்காலிக் கூட்டம் முதல் வகுப்பில் தேறியது. தங்கையின் இடம் ஒன்றில்கூட மாட்டவில்லை. அங்கே உடை கிடையாது, படம் கிடையாது, கட்டணமும் கிடையாது. பட்டியலை மூடினேன். அரை மணி கழித்துத் திரும்பவும் திறந்தேன். அன்று முழுக்க அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

செவ்வாய் சாயங்காலம் மெல்லப் பேச்சை எடுத்தேன். தங்கையை அமர்வுக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனவள் லேப்பில் அடுத்த மேஜைக்காரி. சத்தமே இல்லாமல் நடப்பாள் என்பதால் எங்கள் வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். மாதத்துக்கு நாலு தடவையாவது வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவளைக் கொஞ்ச நாளாகக் காணோம்.

“பூனையும் வராளா உள்வீட்டுக்கு?”

“அவகிட்ட நான் பேசறதில்லை.”

“பக்கத்து மேஜைலதானே உக்காந்திருக்கா?”

“மேஜைக்கு மேஜை பேசியே ஆகணும்னு சட்டமா என்ன? அம்மாவைப் பாத்து இருபது வருஷம் சிரிச்சே. இப்போ என்னைப் பாத்து சிரிக்க முடியலைன்னு கேள்வி கேக்கறியா?”

அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று அப்போது தெரியவில்லை.

புதன்கிழமை போனேன். சாம்பல் நிறத் தரைவிரிப்பு, பெரிய ஜன்னல்கள், ஒரு மூலையில் காப்பி இயந்திரம். முப்பது பேர் இருந்தார்கள். ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர், இரண்டு நர்ஸுகள், ஒரு பஸ் டிரைவர், மற்றவர்களும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பார்க்கிற மாதிரி மனிதர்கள். நடத்துகிறவளை எல்லோரும் அக்கா என்றார்கள். ஐம்பது வயதிருக்கும். சாதாரணப் பருத்திப் புடவை, கையில் பழைய கடிகாரம். முன்பு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். என் வேலையைப் பற்றிக் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு எங்கோ பார்க்காமல், முழுக்கக் கேட்டாள். வயதானவர்களுக்கு முதலில் கீச்சென்ற ஒலிகள்தான் கேட்காமல் போகுமா என்று சரியான இடத்தில் சரியான கேள்வி. என்னிடம் யாரும் என் வேலையைப் பற்றி அவ்வளவு நேரம் கேட்டதில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதை மறைப்பதில் பயனில்லை.

தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மௌனம் எனக்கு அன்றாடச் சோறு. எனக்கு அதில் சிரமம் இல்லை. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். பிறகு எங்கோ முன்னால் துணி உரசும் சத்தம் கேட்டது. ஒரு கை உயர்ந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் வளையல் முழங்கையை நோக்கிச் சரியும் ஓசை. பிறகு வரிசையாக, மழை தொடங்குகிற மாதிரி, சட்டைக்கைகளும் புடவைகளும். எனக்குக் கேட்டது அவ்வளவுதான். கைகள் உயரும் சத்தம். அதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தேன். முப்பது கைகளும் மேலே இருந்தன. தங்கையின் கையும். மூடிய கண்ணோடு அவள் முகம், காய்ச்சல் விட்ட குழந்தையின் முகம்போல இருந்தது. எதிரே அக்கா மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதட்டல் இல்லை, சைகை இல்லை. காத்திருந்தாள். என்னால் இவ்வளவு பேரும் கையைத் தூக்கியபடி காத்திருக்கிறார்கள், தோள் வலிக்குமே என்று தோன்றியது.

கையைத் தூக்கிவிட்டேன்.

“குடும்பத்துக் கதவு திறந்துடுச்சு” என்றாள் அக்கா. எல்லாக் கைகளும் இறங்கின. ரொட்டிக்கடைக்காரர் என் முதுகைத் தட்டினார். தங்கை அழுதாள்.

பஸ்ஸில் அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்பா இறந்ததற்குப் பிறகு அப்படிச் சாய்ந்ததில்லை. அந்தச் சாய்வோடேதான் மற்ற விவரங்களைச் சொன்னாள். உள்வீட்டில் கைபேசி கிடையாது. முதல் ஒரு வருஷம் வீட்டாரைப் பார்ப்பது, கடிதம் எழுதுவது எதுவும் இல்லை. வேலைக்கு வெளியே போவதும் இல்லை.

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“உனக்குக் கேக்கறதுக்கு முன்னாடி சொன்னா புரியாதே. இப்பதான் உனக்குக் கேட்டுடுச்சே.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆறு நிறுத்தங்கள் இருந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்ததில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொன்னால் தோளிலிருந்து தலையை எடுத்துவிடுவாள்.

மறுநாள் வியாழக்கிழமை. நீல உடைகள் வந்தன. வழக்கமாக நான் வெளியே போய்விடுவேன். அன்று கூடத்து வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஸ்டூல் போட்டு ஏறி எங்கள் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கூட்டத்தில் ஒன்பது வருஷம் இருந்தவர். ஒரு நாள் மூக்குக்கண்ணாடியை உற்றுப் பார்த்தபோது, வாலிபத்தில் டிக்கெட் இல்லாமல் போன தன்னைப் பிடித்துப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தித் தீர்த்தவர் இந்த மனிதர்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதை எல்லோர் முன்னாலும் சொல்லி, இவர் மகானும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை என்று விலகிவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். அன்றுதான், விலகியவர் ஏன் நம் வீட்டு ஸ்டூல் மேல் நிற்கிறார் என்று யோசித்தேன்.

பாட்டுக்கு நடுவில் அவர் மேலேயிருந்து, “ராகம் தப்புது” என்றார்.

“டிக்கெட் இல்லாத ஆளு பேசக்கூடாது” என்றாள் கூட்டத்திலிருந்த தையல்காரம்மா, கண்ணைத் திறக்காமலே. எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு தொடர்ந்தது. வெந்நீர் டம்ளர் அவரிடமும் போயிற்று. அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். டம்ளர் அடுத்தவருக்குப் போயிற்று.

கலையும்போது தையல்காரம்மாவிடம், இத்தனை வருஷமாக இதில் உங்களுக்கு என்னதான் ஆகிறது என்று கேட்டேன். கிண்டல் என்று நினைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உண்மையாகவே கேட்கிறேன் என்று புரிந்துகொண்டாள்.

“ஒண்ணும் ஆகலை தம்பி. கோவம் அப்படியேதான் இருக்கு. வியாழக்கிழமை மட்டும் வாயை மூடிக்கறேன். அன்னிக்கு ஒரு நாள் வீட்ல அவர் நிம்மதியா இருக்கார்.”

ஒன்றும் ஆகவில்லை என்பதை அவள் கூடத்தின் நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடுவதில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் விடுப்புப் போட்டுவிட்டு லேப் வாசலில் போய் நின்றேன். தங்கை சாப்பாட்டு நேரத்தில் உள்ளேயே இருப்பவள். பூனை வெளியே வந்தாள். நகக்கண்ணில் இளஞ்சிவப்பு மெழுகு. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்வி என்றேன். அமர்வை ஏன் விட்டாய்?

“விடலையே. ஒரு நாள், எனக்கு ஒரு மாசமா எதுவும் கேக்கலை அக்கான்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. ஒருத்தரும் திட்டலை. திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டிட்டு அங்கயே இருந்திருப்பேன். அடுத்த தடவை போனப்போ நான் உக்கார்ற இடத்துல வேற ஆள் இருந்தாங்க. யாரும் என்னைப் பாக்கலை. வணக்கம் சொன்னேன், சுவத்துக்குச் சொன்ன மாதிரி இருந்தது. மறுநாள் லேப்ல உங்க தங்கச்சி, நான் மெழுகுக் கத்தியைக் கேட்டா கத்தியை மேஜை ஓரத்துல வைக்கறா. கையில தரதில்லை.”

அவள் நகக்கண்ணிலிருந்த மெழுகைச் சுரண்டினாள்.

“நீங்க போனீங்களாமே. கேட்டுதா?”

“கையைத் தூக்கினேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் கால் தரிக்கவில்லை. தங்கை துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கூடவே பாடிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அவள் அறை வாசலில் போய் நின்றேன். முதல் தடவை, இந்தப் பச்சை ஸ்வெட்டரை நீ வைத்துக்கொள், உனக்குத்தான் பொருந்தும் என்றாள். இரண்டாவது தடவை பையின் ஜிப்பை இழுத்துக் கொடுக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் பயம் எனக்குத் தெரிந்தே இருந்தது. பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் அவள் என்னை வெறுப்பாள். சொல்லாவிட்டால் போய்விடுவாள், ஆனால் என்னை நேசித்தபடி போவாள். இரண்டாவது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஞாயிறு காலை எட்டரைக்கு அவள் பையைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது சொன்னேன்.

“அன்னிக்கு எனக்கு எதுவும் கேக்கலை. எல்லாரும் காத்துட்டு இருந்தாங்களேன்னு தூக்கினேன்.”

அம்மா சமையலறை வாசலுக்கு வந்தாள். தங்கை பையைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபம் வரும் என்று தயாராக நின்றேன். வரவில்லை. கைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, அண்ணனுக்கு அன்னிக்குக் கேக்கலையாம்.”

“கேட்டதும்மா.” அதே கனிவு, அதே நிதானம். “நான் பாத்தேனே. இப்போ பயத்துல மாத்திச் சொல்றார். கடைசி நாள்ல நெருக்கமானவங்கதான் இழுப்பாங்க. இனிமே அவருக்குப் பதில் சொல்லாத. நாங்க வந்துட்டே இருக்கோம்.”

தங்கை என்னைப் பார்த்தாள். பதில் சொல்லாத என்றதைக் கடைப்பிடிக்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு கைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

“அக்கா, எனக்கும் சில நாள் கேக்கலை. கேக்காமலே தூக்கியிருக்கேன்.”

வண்டி ஓடும் இரைச்சல் மட்டும் வந்தது.

“கீழ வா. வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு.”

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அம்மா என் முதுகில் கை வைத்து, கூடப் போடா என்று தள்ளினாள். நான் படிகளில் இறங்குவதற்குள் வேன் வந்து நின்று கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டுப் பேர். முன் இருக்கையில் அக்கா. நடுவில் ஓர் இடம் காலியாக, மேலே மடித்த துண்டோடு தங்கைக்காகக் காத்திருந்தது. முதலில் பையை வாங்கி உள்ளே வைத்தார்கள். பிறகு தங்கை படியருகே நின்று, கைபேசியில் சொன்னதைத் திரும்பச் சொன்னாள். முழுக்கச் சொன்னாள்.

யாரும் திட்டவில்லை. துண்டு இருந்த இடத்துக்கு ஒரு நர்ஸ் மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தாள். ரொட்டிக்கடைக்காரர் தன் முழங்காலைப் பார்த்தார். எட்டுப் பேரில் ஒருவர் கண்ணும் என் தங்கையின் மேல் இல்லை.

“கேட்டுதுன்னு சொல்லிட்டு ஏறிக்கம்மா” என்றாள் அக்கா, கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடி. “நேரமாகுது.”

தங்கையின் ஒரு கால் வேன் படியில் இருந்தது. அவள் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. உண்மையாகவே, அந்தச் சாலை இரைச்சலுக்கு அடியில் அந்தச் சத்தத்தைத் தேடுகிறாள். கையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. இழுத்தால் அவள் ஏறிவிடுவாள் என்றும் தோன்றியது. நான் நின்ற இடத்தில் நின்றேன்.

“இப்போ கேக்கலை அக்கா.”

காலை எடுத்தாள். கதவு சறுக்கி மூடியது. வேன் போய்விட்டது. அவள் பை அதற்குள் இருந்தது.

அவள் மாடி ஏறவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தாள். இரண்டு படி மேலே நானும் உட்கார்ந்தேன்.

“ஒருத்தர்கூடப் பாக்கலை” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “லேப்ல திரும்பச் சேத்துக்கிட்டாலும் பூனை மூஞ்சில எப்படி முழிக்கறது?”

நான் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தேன்.

“சில நாள் நிஜமாவே கேட்டுது அண்ணா. எல்லா நாளும் பொய் இல்லை.” அவள் திரும்பி என்னை முறைத்தாள். “அதுக்கு நீ ஒரு காரணம் வச்சிருப்பே. சொல்லாத.”

வைத்திருந்தேன். ரொம்ப நேரம் அமைதியில் இருந்தால் காது தானாகவே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். புத்தகத்தில் இருக்கிறது. அதை விழுங்கினேன்.

மேலேயிருந்து அம்மா, ரெண்டு பேரும் வாங்க, ஆறிப்போகுது என்று கூப்பிட்டாள். நாங்கள் எழவில்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. தங்கை வெடுக்கென்று எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்தாள். தண்ணீர் கேன் போடும் வண்டி. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்த வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தாள். வேனில் போன பையைத்தான் எதிர்பார்க்கிறாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் மாடி ஏற நினைத்தால் ஏறட்டும் என்று வழி விட்டு நானும் எழுந்து சுவரோரம் நகர்ந்து நின்றேன்.